இருபத்தேழாம் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்காத காரணம்

புனேயில் இருக்கும் என் மகனுக்கு,

நீ அனுப்பிய பணம் பத்திரமாக இருக்கிறது. வடக்குப்பட்டுப் பக்கத்தில் நீ பிடித்து வைத்திருக்கும் இருபத்தேழாம் மனைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுத்து, ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். நான் கொடுக்கவில்லை. நீ நாலு முறை போன் செய்தாய். நாலு முறையும் "இன்னும் பாத்துக்கினு கீறேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் பேசினால் பாதியிலேயே "அப்பா, சுருக்கமா சொல்லு" என்பாய். இதைச் சுருக்கினால் நான் தப்பித்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உன் பெயரில் ஒரு மனை இருக்க வேண்டும் என்பது உன் ஆசை. பெண் வீட்டிலும் சொல்லிவிட்டாய். அப்படியிருக்க உன் அப்பனே குறுக்கே விழுந்தது ஏன் என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். கடைசி வரை படி. படித்துவிட்டு என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம்.

உன் அம்மா என்னைச் சந்தேகப் பிராணி என்பாள். தப்பில்லை. இருபது வருஷம் ஒரகடம் பக்கத்துக் கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். லாரியில் வந்து இறங்கும் உதிரி பாகங்களை லைனுக்கு அனுப்புவதா, சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவதா என்று பார்ப்பதுதான் வேலை. சப்ளையர்கள் நல்ல பீஸையெல்லாம் பெட்டியின் மேல் தட்டில் அடுக்கி அனுப்புவார்கள். மேலே இருக்கும் நாலை எடுத்து அளந்து ஓகே போட்டால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். மறுநாள் லைன் நிற்கும். நான் அடித்தட்டுக்குள் கையை விடுவேன். "இன்னா சார், எங்க மேல நம்பிக்கையே இல்லியா?" என்று லாரி டிரைவர் கேட்பார். "நம்பிக்கைய அளக்கறதுக்கு எங்க கம்பெனில கேஜ் இல்லப்பா" என்பேன். ரிட்டயர் ஆன அன்று மாலை போட்டுப் பேசிய சூப்பர்வைசர்கூட, இவர் பாஸ் போட்ட பெட்டியைத் திரும்பத் திறக்க வேண்டியதில்லை என்றுதான் சொன்னார். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் புத்தியோடுதான் உன் மனையைப் பார்க்கப் போனேன். முதல் தடவை அவர்களுடைய வேனிலேயே போனேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஏறியதும் தண்ணீர் பாட்டில், கையில் வழவழப்பான ஒரு புத்தகம். மார்க்கெட்டிங் ஆள் பிரவீன் என்று ஒருவர். வயசுக்குத் தகுந்த மாதிரி அண்ணன், அங்கிள் என்று எல்லோரையும் பத்தே நிமிஷத்தில் சொந்தமாக்கிக்கொண்டார். எனக்குப் பின் சீட்டில் சந்தன நிறச் சட்டை போட்ட ஒருவர். கேட்காமலே பேச ஆரம்பித்தார். "நான் ஏற்கெனவே ரெண்டு மனை போட்டுட்டேன். இப்ப மச்சானுக்குப் பாக்க வந்தேன். போன வாரம் பாத்த ரேட்டு இந்த வாரம் இல்ல தெரியுமா?" வேனில் இருந்த இரண்டு குடும்பங்கள் அவர் பேச்சைக் கேட்டே பாதி முடிவு செய்துவிட்டன. இடத்தில் ஷாமியானா, கொடி, பிரியாணிப் பொட்டலம். நாங்களெல்லாம் சாப்பிட்டோம், சந்தனச் சட்டைக்காரர் மட்டும் பொட்டலத்தைப் பிரிக்காமல் பைக்குள் வைத்தார். மேல் தட்டுப் பீஸ் என்று எனக்கு அப்போதே பட்டது.

அந்த வாரமே செவ்வாய்க்கிழமை என் டிவிஎஸ்ஸில் தனியாகப் போனேன். மனை பார்க்கிறவன் இரண்டாவது தடவை விசேஷம் இல்லாத ஒரு நாளில், அழைத்துப் போக ஆள் இல்லாமல் போக வேண்டும். ஒரகடம் ஜங்ஷனில் டீ குடிக்க நின்றால் அங்கே அதே சந்தனச் சட்டை, வேறொரு வேனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "லைன்லதாண்ணா இருந்தேன். காண்ட்ராக்ட் முடிஞ்சி அனுப்பிட்டாங்க. இது ஒரு ட்ரிப்புக்கு இவ்ளோன்னு தராங்க, பிரியாணி வூட்டுக்கு." "ரெண்டு மனை போட்டேன்னியே?" "வாயாலதாண்ணா போட்டேன்." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் உனக்குச் சொல்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர் நானும் வாங்கிவிட்டேன் என்றால் வாழ்த்துச் சொல்லிவிட்டு அவர் ரசீதைக் கேட்டுப் பார். வாங்கினவன் சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் போனிலாவது அது இருக்கும்.

அங்கிருந்து மனைக்குப் போனேன். முந்தின நாள் நல்ல மழை. புத்தகத்தில் இருக்கும் பூங்காவையும் சிரிக்கும் குடும்பத்தையும் விடு, மழைக்கு மறுநாள் போய்த் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று பார். கோரை முளைத்திருந்தால் அங்கே தண்ணீர் நிற்கும், எவ்வளவு செம்மண் கொட்டினாலும் அது மறக்காது. மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "வெள்ளம் வந்துச்சே, அப்ப இங்க எவ்ளோ தண்ணி?" "இங்க வர்லபா. அந்தாண்ட பள்ளத்துல இடுப்பு வரைக்கும் நின்னுது, இங்க மேடு" என்றாள். அவளுக்கு அந்த மனை விற்றாலும் ஒன்றுதான், விற்காவிட்டாலும் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்காமல் எந்த இடத்தையும் வாங்காதே. ரோட்டை அடியளந்தேன். அவர்கள் சொன்ன அகலம் இருந்தது. மூலைக் கற்களை எண்ணினேன், படத்தில் உள்ளபடி இருந்தன. கையோடு ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டு வர வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன், ஒட்ட இடம் கிடைக்கவில்லை. அது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஏன் என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

நீ பின்னால் ரூம்கள் கட்டிக் கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாய். அதையும் விசாரித்தேன். இந்தப் பக்கம் ரூம் எடுப்பவர்களில் பாதிக்கு மேல் காண்ட்ராக்ட் ஆட்கள். ஒரு கம்பெனி ஒரு ஷிப்டைக் குறைத்தால் தெரு முழுக்க டு-லெட் போர்டு தொங்கும். நம் தெருவிலேயே நீ பார்த்திருக்கிறாய், கடன் வாங்கி மேலே மாடி எழுப்பிய வீடு வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்ததை. அதனால் வாடகையை நம்பித் தவணை கட்டுகிற மாதிரி வாங்காதே. கம்பெனி பஸ் எந்த முனையில் நிற்கிறது, அதிலிருந்து ஷூ போட்டவர்கள் எத்தனை பேர் இந்தத் தெருவுக்குள் நடக்கிறார்கள் என்று ஷிப்ட் விடுகிற நேரத்தில் நின்று எண்ணிப் பார்த்துவிட்டு அப்புறம் கணக்குப் போடு. ஏர்போர்ட் வருகிறது, மெட்ரோ வருகிறது என்று சொல்பவர்களிடம், வரட்டும், வந்த பிறகு விலை கேட்கிறேன் என்று சொல்.

பிறகு காகிதம். பிரவீனின் ஆபீசில் போய் உட்கார்ந்தேன். அப்ரூவல் அப்ளை பண்ணியாச்சு என்பது வேறு, அப்ரூவல் வந்தாச்சு என்பது வேறு. நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து நீயே கம்ப்யூட்டரில் போட்டுப் பார். ரோடும் பார்க்கும் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாகிவிட்டதா என்று கேள், இல்லையென்றால் நாளைக்குப் பார்க்கிலேயே ஒரு மனை முளைக்கும். பவர் பத்திரம் வாங்கி விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவர் வீட்டு வாசலில் போய்ப் பார். பட்டா யார் பெயரில் இருக்கிறது, அளவைப் படத்தில் எல்லை எப்படிப் போகிறது, முப்பது வருஷ வில்லங்கச் சான்றில் என்ன இருக்கிறது. இதையெல்லாம் நான் கேட்கக் கேட்க அவர் எடுத்து எடுத்துப் போட்டார். எல்லாம் சரி. பாங்க் வக்கீலும் பார்த்து ஓகே சொல்லியிருந்தார். "அங்கிள், நீங்க கேக்கற மாதிரி இதுவரிக்கும் யாருமே கேட்டதில்ல. இப்பனா திருப்தியா?" என்றார் பிரவீன். "தாய்ப்பத்திரம் எல்லாத்தையும் பாக்கணும்" என்றேன். "அதெல்லாம் வக்கீல் பாத்தது அங்கிள்." "நான் பாக்கணும்." முனகிக்கொண்டே ஒரு தடித்த ஃபைலை எடுத்து வைத்தார்.

இப்போது சொல்கிறேன். நீ வாட்ஸப்பில் அந்த மனைப் படத்தை அனுப்பிய அன்றே இது எனக்குத் தெரிந்த இடமோ என்று பட்டது. அந்த மனைப்பிரிவுக்கு இப்போது வழி பைபாஸ் பக்கமிருந்து வருகிறது, பெயரும் ஏதோ சிட்டி என்று இருக்கிறது. அதனால் இது அதுவாக இருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வேனில் போய் இறங்கினபோது சந்தேகம் முக்கால்வாசி ஊர்ஜிதமானது. அதனால்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேறு ஏதாவது குறை தேடினேன். தண்ணீர் நிற்கிறது, ரோடு குறைகிறது, பவர் கொடுத்தவர் செத்துவிட்டார், இப்படி ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், "இது வேணாம்டா" என்று உன்னிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். நீயும் அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிடுவாய். உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே வராது. ஒன்றும் கிடைக்கவில்லை. வில்லங்கச் சான்றிலேயே என் பெயர் இருந்தது, அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு ஃபைலைப் புரட்டினேன். இப்போது விற்கிறவர் பெயர், அவருக்கு விற்றவர் பெயர், அதற்கும் முந்தின பத்திரம். அந்தப் பத்திரத்தில் ஒட்டியிருந்தது என் போட்டோ. மீசை கறுப்பாக, முப்பத்தாறு வயசில். கீழே என் கையெழுத்து.

இருபத்தேழாம் மனை இருப்பது உன் தாத்தாவின் நிலத்தில். அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய எண்பது சென்ட். உயில் எழுதாமல் இறந்துவிட்டார். என் அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். மிச்சம் இருந்தது நாங்கள் இரண்டு பேர், நானும் உன் ஸ்டெல்லா அத்தையும். கம்பெனிகள் வர ஆரம்பித்த காலம், நீ ஒண்ணாங்கிளாஸ். ஒரு பார்ட்டி நல்ல விலைக்குக் கேட்டது. புரோக்கர் ஒருத்தர் வந்தார். "தங்கச்சி கீதுன்னா மச்சான் வருவாரு. மச்சான் வந்தா வக்கீல் வருவாரு. அதுக்குள்ள பார்ட்டி வேற எடம் பாத்துக்குனு போயிடும். ஒரே புள்ளன்னு வாரிசு வாங்கிடலாம். கட்டிக் குடுத்தாச்சி, நகை போட்டாச்சி, அப்புறம் இன்னா?" என்றார். அவர் சொன்னதில் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. நகை போட்டாச்சு. நம் பக்கத்தில் அண்ணன்மார் எல்லோரும் இந்த ஒரு வார்த்தையைத்தான் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள். வாரிசுச் சான்றுக்கு விசாரணை நடந்தபோது அதிகாரி புதுசு, ஊர்க்காரர் இல்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார். "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?" நான் சொன்னேன், "யாரும் இல்ல சார்." இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அவ்வளவுதான், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது.

வில்லங்கச் சான்று ஏன் சுத்தமாக இருக்கிறது என்று இப்போது உனக்குப் புரியும். அதில் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்தான் வரும். போட விடாமல் தள்ளி வைக்கப்பட்டவர்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது. பாங்க் வக்கீல் என்ன, யார் வந்து பார்த்தாலும் தெரியாது. அதனால் நீ எந்த நிலத்தை வாங்கினாலும், வாரிசுச் சான்றை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய், இவர் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், பெண்கள் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கேள். நாலு பேரிடம் கேள். மாதா கோயிலில் கேள், ரேஷன் கடையில் கேள். பதில் சொல்ல யாராவது தயங்கினால் அட்வான்ஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.

அந்தப் பணத்தில்தான் நீ வளர்ந்த வீட்டைக் கட்டினேன். மிச்சத்தைப் போட்டு வைத்ததில்தான் நீ தண்டலத்தில் இன்ஜினீயரிங் படித்தாய். பரீட்சை நேரத்தில் குன்றத்தூரில் அத்தை வீட்டில் தங்கி, அவள் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினாயே, அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அத்தை மகள் ரோஸியின் கல்யாணம் வந்தபோது தாய்மாமன் சீர் என்று பதினோரு எவர்சில்வர் தட்டு நிறையப் பழம், பட்டு, மோதிரம், எல்லாம் வைத்து பேண்டு வாத்தியத்தோடு கொண்டுபோய் இறக்கினேன். நீயும் ஒரு தட்டு தூக்கினாய். மண்டபமே எழுந்து பார்த்தது. "எங்கண்ணன மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்று அத்தை ஒவ்வொரு டேபிளாகப் போய்ச் சொன்னாள். அன்றைக்கு நான் கணக்கு நேராகிவிட்டது என்றே நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அவளுடைய சொத்தில் ஒரு துணுக்கைப் பட்டுத் துணி போட்டு மூடி அவளிடமே கொடுத்துவிட்டு மாலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் இன்றைக்கும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். மச்சான் போன பிறகு இரண்டு ரூமை ஒரு ரூமாகக் குறைத்துக்கொண்டாள்.

ஃபைலை மூடிவிட்டு நேராக ஒரு வக்கீலிடம் போனேன். என் பெயரைச் சொல்லாமல், தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி என்று கேட்டேன். "இவ்ளோ வருஷம் கழிச்சி கேஸ் நிக்குமா நிக்காதான்றத கோர்ட்தான் சார் சொல்லணும். ஆனா அந்தம்மா பாகம் அந்தம்மா பாகம்தான்" என்றார். பிறகு குரலை இறக்கி, "அவருகிட்ட சொல்லுங்க, ஒரு நல்ல பொடவையா எடுத்துக் குடுத்து, விடுதலைப் பத்திரத்துல ஒரு கையெழுத்து வாங்கிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்றார். அதாவது என் பங்கை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அவள் எழுதிக் கொடுப்பது. பிறகு உன் மனையில் ஒரு குறையும் இருக்காது.

மகனே, நான் புடவை எடுத்தேன். இதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. பத்திரத்தையும் டைப் அடித்து வாங்கி, புடவைப் பையின் அடியில் வைத்துக்கொண்டு குன்றத்தூர் பஸ் ஏறினேன். நல்ல பீஸ் மேலே, கெட்ட பீஸ் கீழே. இருபது வருஷம் எவனையெல்லாம் பிடித்துத் திருப்பி அனுப்பினேனோ, அவன் வேலையை நானே செய்தேன். அன்று கிருத்திகை போலிருக்கிறது, பஸ் முழுக்க முருகன் மலைக்குப் போகிற கூட்டம். நின்றுகொண்டே போனேன். இது உனக்காக, உன் கல்யாணத்துக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்து இதுவரை செய்த ஒவ்வொரு தப்பையும் உனக்காக என்று சொல்லித்தான் செய்திருக்கிறேன்.

"இன்னாண்ணா, ஒரு போன்கூட பண்ணாம?" என்று அத்தை வாசலிலேயே பையை வாங்கிக்கொண்டாள். புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். "உம் புள்ள கல்யாணத்துக்கா? இந்தக் கலரு எனக்கு ரொம்ப வயசாகல?" என்று சிரித்தாள். டீ போட்டாள். ரோஸி போனில் பேசியதைச் சொன்னாள். நான் பத்திரத்தை எடுத்தேன். "ஒரு கையெழுத்து வேணும் ஸ்டெல்லா. அப்பா நெலம் விஷயமா ஒரு ஃபார்மாலிட்டி." அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. "கண்ணாடி எங்க வச்சேன்?" என்று தேடினாள். அது கிடைக்கவில்லை. "போவுது, எங்க போடணும்னு காட்டு" என்று பேனாவை எடுத்துக்கொண்டாள். "படிச்சிப் பாத்துட்டு போடும்மா" என்றேன். "நீ குடுக்கறத நான் இன்னாத்தப் படிக்கறது?" என்றாள்.

நம்பிக்கையை அளக்கக் கேஜ் இல்லை என்று லாரி டிரைவரிடம் சொன்னவன் நான். காகிதத்தை அவள் கைக்குக் கீழே இருந்து இழுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், புரோக்கர், விலை, வீடு, உன் படிப்பு, இந்தப் புடவை உட்பட. விலையைச் சொன்னபோது அவள் முகம் மாறவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பாவுக்கு ஒரே புள்ளன்னா எழுதிக் குடுத்த?" "ஆமா." "அப்ப நான் பொறக்கவே இல்லியா?" நான் காகிதத்தை நாலாக மடித்தேன். "சாட்சி யாரு போட்டது?" சொன்னேன். அதில் ஒருவர் ரோஸி கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவள் எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறி, லாஃப்டிலிருந்து செய்தித்தாள் சுற்றிய ஒரு கட்டை இறக்கினாள். சீர்த் தட்டுகள், பதினொன்றும் இருந்தன. ஒன்றைக்கூடப் புழங்காமல் வைத்திருக்கிறாள். அதன் மேல் புடவையை மடித்து வைத்தாள். "எடுத்துனு போ. மொதல்ல என் பேர எழுதினு வா. அப்பறம் அண்ணன்னு கூப்புடறதா வேணாவான்னு நான் பாத்துக்கறேன்." திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்தத் தட்டுகளோடு திரும்பி வந்த பஸ் பயணம் எனக்கு இந்த ஜென்மத்துக்கும் போதும். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் அது சத்தம் போட்டது.

உன் சம்மதம் கேட்காமல் இரண்டு காரியம் செய்திருக்கிறேன். நாம் இருக்கும் வீட்டில் பாதியை அத்தை பெயருக்கு எழுதி வைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். உனக்கு வர வேண்டியதில் பாதி போகிறது, கோபம் வந்தால் நியாயம்தான். உன் அம்மா இரண்டு நாள் அழுதாள், அப்புறம் "எழுதிடு" என்றாள். அடுத்து, மனை விற்கிறவர்களுக்கு, இந்த நிலத்தில் இன்னொரு வாரிசு இருக்கிறது என்று ரிஜிஸ்டர் தபாலில் எழுதினேன். பிரவீன் போன் செய்தார். "அங்கிள், இதப் போயி யாராவது எழுதுவாங்களா? உங்களுக்கு வேணாம்னா விட்டுடுங்க. வெளிய சொல்லாதீங்க, சண்டே வேன் வருது" என்றார். வேன் வரத்தான் செய்யும். சந்தனச் சட்டைக்காரரும் வருவார். உன் பணம் மட்டும் அங்கே போகாது. நீ அத்தைக்குப் போன் செய், உன் போனை எடுப்பாள். மனையைப் பற்றிப் பேசாதே. என் சார்பில் மன்னிப்பும் கேட்காதே, அது என் வேலை. சாப்பிட்டியா என்று மட்டும் கேள்.

முந்தாநாள் வாரிசுச் சான்றைத் திருத்த மனு கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். இப்போது அங்கே ஒரு பெண் அதிகாரி. "கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டார். "ஒரு தங்கச்சி மேடம், ஸ்டெல்லா மேரி" என்றேன். பழைய சான்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுல இல்லியே. உங்க தங்கச்சிதான்னு எப்படி நம்பறது? ஆதாரம் கொண்டாங்க" என்றார். அன்றைக்கு இல்லை என்று சொன்னபோது யாரும் ஆதாரம் கேட்கவில்லை. இருக்கிறாள் என்று சொல்ல ஆதாரம் வேண்டியிருக்கிறது. நேற்றுக் காலை நம் ஊர் மாதா கோயிலுக்குப் போனேன். ஃபாதர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். முதலில் என் பெயர் வந்தது. மூன்று வருஷம் தள்ளி அவள் பெயர். தகப்பன் என்ற இடத்தில் இரண்டிலும் ஒரே பெயர். நகல் எழுத ஆரம்பித்த ஃபாதர் நடுவில் நிறுத்தி, "எதுக்குங்க இது, கல்யாணத்துக்கா?" என்று கேட்டார்.

"இல்ல ஃபாதர்" என்றேன். "எனக்கு ஒரு தங்கச்சி இருக்குன்னு நிரூபிக்கணும்."

அப்பா